பேஸா, துடிப்பா, மூச்சா? மாரத்தான் பயிற்சியில் எதைப் பார்த்து ஓடுவது

எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஓட்டக்காரர்களிடம் மூன்று வழிகள் உண்டு: வாட்ச் காட்டும் பேஸ் (ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறோம் என்ற கணக்கு), இதயத் துடிப்பு, அப்புறம் தன் மூச்சு. மூன்றிலும் ஓடிப் பார்த்து நான் தங்கிவிட்டது மூச்சில். அதனால் இதை நடுநிலை அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேஸ் எளிது, போனே போதும். 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-ல் ஓடி முடித்தபோது, பேஸ் தவறாமல் இருக்க முன்னால் போன கார் சாலையில் லேசர் கோடுகளைப் போட்டுக்கொண்டே போனது. ஆனால் அங்கே சமதளமான பாதையும் குளிர்ந்த காலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. சென்னை பெசன்ட் நகரில் மே மாதம் காலை ஐந்தரை மணிக்கே பனியன் பிழியப் பிழிய நனைந்துவிடும். ஜனவரியில் போட்ட பேஸை அங்கே பிடிக்கப் போனால் பாதியில் உட்கார வேண்டியதுதான்.

இதயத் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டிக்கு அந்த வெக்கை தெரியும். வியர்வையில் நீர் போகப் போக, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பத் திரும்ப, அதே வேகத்துக்கே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். சரி, எவ்வளவு ஏறினால் அதிகம்? அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூடப் பிசகும். மணிக்கட்டு வாட்ச் என்றால் சில நேரம் காலடியை எண்ணிவிட்டு அதையே துடிப்பு என்று காட்டும்.

என்னை மூச்சின் பக்கம் சாய்த்தது வேறொன்று. வேலையில் மண்டை காய்ந்து வந்த நாளில் கால் நன்றாகத்தான் இருக்கும், ஓட்டம் மட்டும் கனக்கும். 2009-ல் ஆய்வாளர் சாமுவேலே மார்கோராவும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதிக்கச் சொன்னபோது, அதே ஆட்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. முதலிலிருந்தே அவர்களுக்குக் கஷ்டம் அதிகமாகத் தோன்றியிருந்தது. இந்தக் களைப்பைப் பட்டி எப்படிக் காட்டும்? ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் போர்க், எவ்வளவு கஷ்டமாகத் தோன்றுகிறது என்று சொல்ல 6 முதல் 20 வரை வகுத்த அளவுகோல் கேட்பது அந்தத் தோன்றுதலைத்தான். எனக்கு எண்கூட வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிந்தால் அது நிதான ஓட்டம். மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால், வாட்ச் என்ன சொன்னாலும் குறைத்துவிடுவேன்.

இதற்கும் ஓர் ஓட்டை உண்டு. போட்டி நாளில் கூட்டமும் கைதட்டலும் சேர்ந்து முதல் சில கிலோமீட்டரை இலவசம் போல ஆக்கிவிடும். அங்கே மட்டும் பேஸைப் பார்க்கிறேன். புதிதாக ஓட வருபவர்கள் பெரும்பாலும் எல்லா நாளும் வேகமாகவே ஓடுவார்கள், அவர்களுக்குச் சில மாதம் பட்டி நல்ல கடிவாளம். மலைப்பாதை, 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அல்ட்ரா இரண்டும் நான் ஓடியதில்லை. அங்கே இந்தப் பேச்சுச் சோதனையை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.