சக்கர போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட் பொருத்தப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லேத்தில் கடைந்த மென் இரும்புத் துண்டுகளை, ஜெர்மனியிலிருந்து வந்த 10.9 தர ஸ்டட் என்று சொல்லி என் போர்ஷே காரின் நான்கு சக்கரங்களிலும் பொருத்தி, அதற்கு 28,000 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு பட்டறையைப் பற்றிய பதிவு இது. ஸ்டட் என்பது ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகத்தில், நிலையாகத் திருகி வைக்கும் மரையுள்ள கம்பி; 10.9 என்பது உயர்வலிமை எஃகைக் காட்டும் தரக் குறி. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரையோ அது இருக்கும் தெருவையோ எழுதவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்போர் சிலரே என்றாலும், அவர்களில் ஒருவரும் இதே இடத்தில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர். காற்றால் குளிரும் எஞ்சின் இருந்த பழைய 911 கார்களில் ஸ்டட்டும் நட்டும்தான் இருந்தன. பாக்ஸ்டரில் ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட்டுகள் ஹப்புக்குள் நேராக இறங்குகின்றன. கனமான சக்கரத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அதன் துளையை ஹப்பின் துளைக்கு நேராக நிறுத்தி, மறு கையால் போல்ட்டை மரையில் பிடிக்க வைப்பது எளிதல்ல. ஸ்டட் இருந்தால் சக்கரத்தை அதன்மேல் மாட்டிவிட்டு நட்டைத் திருகினால் போதும். அடிக்கடி கழற்றி மாட்டும்போது தேய்வதும் ஹப்பின் மரையாக இல்லாமல் ஸ்டட்டின் மரையாக இருக்கும். அதை மாற்றுவது ஹப்பை மாற்றுவதைவிட மலிவு. கார் பந்தயத் தளத்துக்குக் காரைக் கொண்டுபோகிறவர்கள் இந்த மாற்றத்தைச் செய்துகொள்வது இதனால்தான். மாற்றத்தில் குற்றமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொருத்தப்பட்ட பொருளிலும் பொருத்திய விதத்திலும்தான் குற்றம்.

எங்கள் வட்டாரத்தில் இந்த வண்டிக்கு நிறுவனத்தின் சொந்தப் பட்டறை கிடையாது. சென்னைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த நிலையில், வெளிநாட்டுக் கார்களை மட்டுமே பார்ப்பதாகப் பலகை வைத்திருந்த இந்தப் பட்டறையில் விசாரித்தேன். ஸ்டட்டின் தரம் என்ன, நட்டின் அமர்வு, அதாவது சக்கரத் துளையில் உட்காரும் முகம், எந்த வடிவம், எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்குவீர்கள் என்று கேட்டேன். தரம் 10.9, அமர்வு கோள வடிவம், இறுக்கம் நிறுவனம் சொல்லும் 130 என்று மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தது. மூன்றையும் மதிப்பீட்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார்கள். "அண்ணே, இது ஜெர்மன் சரக்கு, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார் உரிமையாளர். அந்தத் தாள்தான் இன்று என் புகாருக்கு முதல் ஆவணம்.

வண்டியைத் திரும்ப எடுத்த சில நாட்களில், திருமயம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்க இடது சக்கரத்திலிருந்து தட்டும் ஓசை எழுந்தது. அடுத்த நிமிடமே இருக்கை அதிரத் தொடங்கியது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், ஐந்தில் ஒரு ஸ்டட் முறிந்து நட்டோடு காணாமல் போயிருந்தது, இரண்டு நட்டுகள் கையாலேயே சுழன்றன. என் மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். இன்னும் சற்று வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை.

வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, எஞ்சிய ஸ்டட்டுகளில் ஒன்றைக் கழற்றி அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். வெண்ணெய்போல் அரம் இறங்கியது. 10.9 தர எஃகின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் 32 முதல் 39 வரை இருக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் சோதித்தபோது, அந்த அளவுகோலில் அளக்கவே முடியாத அளவுக்கு அது மென்மையாக இருந்தது. முனையில் தரக் குறியும் இல்லை, தயாரிப்பாளர் முத்திரையும் இல்லை. உருட்டி அழுத்தி உருவாக்கிய மரையாக இல்லாமல், லேத்தின் வெட்டுக் கோடுகள் தெளிவாகத் தெரியும் மரையாக இருந்தது.

இது ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் குறுக்கு வலிமை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு இழுபட்டு, அந்த இழுவிசையால் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வுதான் சக்கரத்தை அசையவிடாமல் வைக்கிறது. 14 மில்லிமீட்டர் ஸ்டட்டை 130 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அதில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ நாலரை டன். 10.9 தர எஃகு இதன் இரு மடங்குக்கும் மேல் தாங்கிவிட்டுத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். மென் இரும்போ மூன்று டன்னைச் சற்றுத் தாண்டியதுமே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். ஆகவே பட்டறையில் சரியான அளவுக்கு இறுக்கியிருந்தாலும் அந்த ஸ்டட்டுகள் அப்போதே கெட்டுப்போயிருக்கும். அழுத்தம் குறைந்தவுடன் சக்கரம் ஹப்பின்மேல் நுண்ணிய அளவில் நகர்கிறது, ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளைகிறது, கடைசியில் மரையின் அடியில் முறிகிறது. என் ஸ்டட் முறிந்த இடமும் அதுவே.

நட்டுகளும் தவறானவை. போர்ஷே சக்கரத்தின் அமர்வு கோள வடிவக் குழி. இவர்கள் போட்டவை 60 பாகைக் கூம்பு நட்டுகள். கோளக் குழியில் கூம்பு உட்கார்ந்தால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே தொடும்; அந்த விளிம்பு நசுங்க நசுங்க இறுக்கம் தானாகத் தளரும். என் சக்கரங்களின் துளைகளில் அந்த வளையத் தழும்பு இப்போதும் இருக்கிறது. நட்டு பிடிக்கும் மரையின் நீளமும் போதவில்லை. ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது மரை பிடிக்க வேண்டும்; 14 மில்லிமீட்டர் ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்பதால் குறைந்தது ஒன்பது சுற்றுக்கு மேல் வரவேண்டும். இங்கே ஆறு சுற்றிலேயே நின்றது.

ஹப்புக்குள் போகும் பக்கத்தில் பூட்டுப் பசை போட்டிருந்தார்கள், ஆனால் துளையின் பழைய எண்ணெயைத் துடைக்காமலே போட்டிருந்தார்கள். அவ்வகைப் பசை எண்ணெயின்மேல் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். வேலை முடிந்த அன்றே வண்டியை என் கையில் கொடுத்தவர்கள், இன்று ஓட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அங்கே டார்க் ரெஞ்ச் இருந்ததா என்பதே ஐயம்; ஏர் கன்னால் இறுக்கியதை அவர்களுடைய மெக்கானிக்கே பின்னர் ஒப்புக்கொண்டார்.

நான் போய்க் கேட்டபோது, வண்டியைச் சாலைப் பள்ளத்தில் விட்டது நான்தான் என்று என்மேலேயே பழி போட்டார் உரிமையாளர். ஆய்வகத் தாளைக் காட்டியதும் பேச்சு மாறியது. என் பழைய இருபது போல்ட்டுகளையும், திருட்டுத் தடுப்பு போல்ட்டுக்கான சாவியையும் கேட்டேன். அவை இரும்புக் கடைக்குப் போய்விட்டனவாம். என் பொருளை என்னிடம் கேட்காமல் எடைக்குப் போட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டு, வேறு எஃகில் கடைந்து, நன்றாகக் கடினப்படுத்தி, துத்தநாக முலாமும் பூசிப் புது ஸ்டட் இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

அந்த இலவசம் முதல் வேலையைவிட ஆபத்தானது. மிகக் கடினப்படுத்திய எஃகுக்கு மின்முலாம் பூசும்போது அமிலக் குளியலிலும் முலாம் தொட்டியிலும் எழும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். உடனே ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்றாவிட்டால், இறுக்கி வைத்த ஸ்டட் ஒரு நாள் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் முறியும். மின்முலாம், அரிமானம் போன்றவற்றை ஆராயும், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி நிற்கும் ஊரில், இதை அறியாத ஒருவர் உயிர் தாங்கும் பாகத்துக்கு முலாம் பூசித் தருகிறேன் என்று சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. மறுத்துவிட்டேன்.

சேதமடைந்த ஹப்பை மாற்றி, நிறுவனத்தின் புது போல்ட்டுகளையே வாங்கிப் போட்டாயிற்று. சக்கரத்தைத் தூக்கி மாட்டும் சிரமத்துக்கு, ஒரு துளையில் கையால் திருகி வைக்கும் நீண்ட வழிகாட்டிக் கம்பியே போதுமானது, விலையும் சொற்பம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். மதிப்பீட்டுத் தாள், ரசீது, கழற்றிய ஸ்டட் ஆகியவற்றைப் பட்டறைக்காரர் கேட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறையிலாவது ஏற்கெனவே ஸ்டட் மாற்றிக்கொண்டவர்கள், அடுத்த முறை வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு நட்டைக் கழற்றுங்கள். எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நட்டின் அமர்வு முகமும் சக்கரத் துளையின் முகமும் ஒரே வடிவம்தானா, ஸ்டட்டின் முனையில் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் முனையில் ஓரமாக ஓர் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். அரம் எளிதாக இறங்கினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, பழைய போல்ட்டுகளை உடனே கேட்டு வாங்குங்கள்.