நாகர்கோவிலில் கோட் தைக்கக் கொடுக்கிறீர்களா? கையைக் கவனியுங்கள்

தம்பி கல்யாணத்துக்கு வந்த இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கோட் தைத்தோம். சர்ச் கல்யாணம் என்றால் நம்ம குமரி மாவட்டத்தில் மாப்பிள்ளைக்குக் கோட் வேண்டும், அதனால் கோட் வெட்டத் தெரிந்த மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லோரும் கைநீளத்தை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. முதலில் போன கடையில் டீ-சர்ட்டுக்கு மேலேயே அளவெடுத்தார்கள், கை கொஞ்சம் இறங்கினால்தான் எடுப்பாக இருக்கும் என்று வேறு சொன்னார்கள். அங்கே கொடுக்கவில்லை.

வடசேரிப் பக்கம் ஒரு வயதான மாஸ்டர், கல்யாணத்துக்குப் போடப்போகும் சட்டையையே போட்டுக்கொண்டு வரச் சொன்னார். "மக்களே, விறைப்பா நிக்காத, கையைச் சும்மா தொங்கப் போடு" என்று சொல்லி இரண்டு கையையும் தனித்தனியாக அளந்தார். தம்பிக்கு வலது கை கொஞ்சம் நீளம், பலருக்கும் அப்படித்தான் வித்தியாசம் இருக்கும்.

கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும், அதற்குக் கீழே சட்டையின் கஃப் (கை முனையில் இருக்கும் பட்டி) கால் இஞ்சிலிருந்து அரை இஞ்சு வரை தெரிய வேண்டும். சட்டைக் கஃப் தொளதொளவென்று உள்ளங்கைக்கு வழிந்தால் கோட்டை எவ்வளவு நன்றாகத் தைத்தும் பிரயோசனமில்லை. ட்ரையலில் எனக்குக் கோட்டின் கையில் சாய்வாகச் சுருக்கம் விழுந்தது. என் கை இயல்பாகவே சற்று முன்னால் தொங்குகிறதாம். தற்காலிகமாக நூலோட்டி வைத்திருந்த கோட்டுக் கையைப் பிரித்து, லேசாக முன்பக்கம் திருப்பி வைத்தார், சுருக்கம் போய்விட்டது! அந்தப் பொறுமைக்கே அண்ணாச்சிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அப்புறம், நீளம் முடிவாகும் வரை கைப்பட்டனுக்குக் காஜா (பட்டன் துளை) வெட்ட விடாதீர்கள். வெட்டிவிட்டால் கீழே குறைப்பது கஷ்டம், தோள்பட்டையில் பிரித்துத்தான் குறைக்க வேண்டும், அது பெரிய வேலை. துபாயிலோ மஸ்கட்டிலோ ரெடிமேட் வாங்கி வருபவர்களும் இதைப் பார்த்து வாங்குங்கள். கையில் வெளியே தைத்திருக்கும் கம்பெனி லேபிளை மட்டும் தயவுசெய்து பிரித்து எடுத்துவிடுங்கள், அது கடையில் அடையாளம் தெரிவதற்காக வைப்பது.

ஊரில் இறங்கிய உடனே துணியைக் கொடுத்துவிடுங்கள். தவக்காலத்தில் கல்யாணங்கள் குறைவு என்பதால், ஈஸ்டர் முடிந்ததும் வரும் கல்யாணங்களுக்கு மொத்தமாகத் துணி குவியும், அப்போது இரண்டாவது ட்ரையல் கேட்டால் கிடைக்காது.