ஆர்டுகாப்டர் ஆர்டிஎல், தென்னந்தோப்புல ஓட்டுறவங்களுக்கு ஒரு ரிவியூ

என்கிட்ட இருக்கிற ட்ரோன் எஃப்450 ஃப்ரேம், பிக்ஸ்ஹாக் போர்டு (ட்ரோனோட மூளை), 4எஸ் (நாலு செல்) பேட்டரி, உள்ள அதை ஓட்டுற சாஃப்ட்வேர் ஆர்டுகாப்டர் 4.5. பொள்ளாச்சி பக்கம் தோப்பு மேல பறக்க விட்டு வீடியோ எடுப்பேன். காசே வாங்காம இவ்ளோ நல்ல சாஃப்ட்வேர் குடுக்கிறாங்கன்னு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆனா ஆர்டிஎல், அதாவது ட்ரோன் கிளம்பின இடத்துக்குத் தானா திரும்பி வர்ற ரிட்டர்ன் டு ஹோம் விஷயத்துல வந்தபடியே வச்சு ஓட்டிடாதீங்க, அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

ஆர்டிஎல் ஆல்ட்னு ஒரு பாராமீட்டர் (செட்டிங்) இருக்கு, மிஷன் பிளானர்ல (ட்ரோனை செட் பண்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்) பாத்தா 1500னு காட்டும், அது சென்டிமீட்டர், அதாவது 15 மீட்டர். சிக்னல் போச்சுன்னா ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி நேர் கோட்டுல கிளம்பின இடத்துக்கு வரும் (ஏற்கனவே அதுக்கு மேல இருந்தா இருக்கிற உயரத்துலயே வரும்). வெட்டவெளி கிரவுண்டுக்கு 15 போதும், எங்க தோப்புல நெட்டை மரமெல்லாம் 20 மீட்டரைத் தாண்டி நிக்குது, நேரா மட்டைக்குள்ள போய்தான் நிக்கும். நான் 35 மீட்டர் வச்சிருக்கேன். இன்னொண்ணு, இந்த உயரம் நீங்க ஆர்ம் பண்ண (மோட்டாரை ஸ்டார்ட் பண்ண) இடத்துல இருந்து கணக்கு, ட்ரோனுக்குக் கீழ இருக்கிற தரைல இருந்து இல்ல. மேட்டுப் பக்கம் பறக்கப் போறவங்க மேட்டையும் சேத்துக் கூட்டிக்கோங்க.

அடுத்தது ரிசீவர், ட்ரோன்ல ரிமோட் சிக்னலை வாங்குற பாகம். இதுலதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. ரிமோட் சிக்னல் போனா சில ரிசீவர் த்ராட்டிலைக் (மோட்டார் வேகத்துக்கான சிக்னலை) கீழ இறக்கும், சிலது சிக்னல் அனுப்புறதையே நிறுத்தும், இந்த ரெண்டுமே நல்லது. சிலது கடைசியா வந்த வேல்யூவையே பிடிச்சு வச்சுக்கும். அப்போ போர்டுக்கு ரிமோட் போனதே தெரியாது, நீங்க இன்னும் ஸ்டிக்கைப் பிடிச்சிருக்கீங்கன்னு நெனச்சு அது பாட்டுக்குப் போய்ட்டே இருக்கும். எனக்கு ரிசீவர் வித்த கடைல எல்லாம் செட் பண்ணித்தான் வருதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, வீட்ல வந்து பாத்தா அப்படியே ஹோல்டுல கிடந்துச்சு. ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு, மிஷன் பிளானர்ல ரேடியோ கேலிப்ரேஷன் பக்கத்தைத் திறந்து வச்சு ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க, த்ராட்டில் பார் 975க்குக் கீழ இறங்கணும், இல்லைன்னா ரிசீவர்ல ஃபெயில்சேஃப் (சிக்னல் போனா என்ன பண்ணணும்ங்கிற செட்டிங்) செட் பண்ணாம வெளிய எடுத்துட்டே போகாதீங்க.

பேட்டரி கம்மியானா வேலை செய்ய வேண்டிய பேட்டரி ஃபெயில்சேஃப் சும்மா வர்றப்போ ஆஃப்லதான் இருக்கும். வோல்டேஜ் 10.5னு இருக்கும், அது 3எஸ்க்கு சரி, செல்லுக்கு 3.5 வருது. 4எஸ் போட்டுட்டு அதையே விட்டா செல்லுக்கு 2.6 ஆகுற வரைக்கும் அது வாயே திறக்காது, அதுக்குள்ள பேட்டரி செத்துரும். 14 வைங்க, ஆக்‌ஷனை ஆர்டிஎல்னு மாத்துங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு ஒரு காலி வயல்ல, 40 மீட்டர் உயரத்துல நிறுத்தி ரிமோட்டை வேணும்னே ஆஃப் பண்ணேன். கை நடுங்குச்சு, நெஜமா. திரும்பி வந்து தலைக்கு மேல 5 செகண்ட் நின்னுட்டு மெதுவா இறங்குச்சு பாருங்க, ஆர்ம் பண்ண இடத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி, அந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, நடுவுல சிக்னல் திரும்ப வந்தாலும் கன்ட்ரோல் தானா உங்க கைக்கு வராது, ரிமோட்ல இருக்கிற மோட் ஸ்விட்சை ஒருதடவ மாத்திப் போடணும், அது தெரியாம ஸ்டிக்கோட மல்லுக்கட்டி பயந்துக்காதீங்க.

ஜிபிஎஸ் லாக் இல்லைன்னா, அதாவது தான் எங்க இருக்கோம்னு ட்ரோனுக்குத் தெரியலைன்னா, ஆர்டிஎல் கிடையாது, இருக்கிற இடத்துலயே இறங்கிரும், கீழ கெணறு இருந்தாலும் சரிதான். லாக் ஆகுற வரைக்கும் பொறுமையா நில்லுங்க.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்து அடிக்கிறப்போ நான் வோல்டேஜை 14.4க்கு ஏத்திருவேன். எதிர்காத்துல வர்றப்போ பேட்டரி மளமளன்னு எறங்கும், அதனால அப்போல்லாம் முதல்ல மேக்க பாத்துப் போயிட்டு, காத்தோட திரும்பி வர்ற மாதிரிதான் ஓட்டுறேன்.