ஈரநிலப் பறவைகளுக்கு 500 பிரைமா, 180-600 ஜூமா?

நிக்கானின் 500 மி.மீ. எஃப்/5.6 பிஎஃப் (எடையைக் குறைக்கும் ஃபேஸ் ஃப்ரெனல் கண்ணாடி உள்ள பிரைம், அதாவது குவியத் தூரம் மாறாத லென்ஸ்), 180-600 மி.மீ. எஃப்/5.6-6.3 (குவியத் தூரத்தை மாற்றக்கூடிய ஜூம்) இரண்டு லென்ஸையும் கொஞ்ச காலம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, ஜூமை வைத்துக்கொண்டு பிரைமைக் கொடுத்துவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கூர்மையில் பிரைம் ஒரு படி மேல்தான். ஆனால் அந்த வித்தியாசம் பறவை பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். வெயில் ஏறி நீர்ப்பரப்பின் மேல் காற்று அலையத் தொடங்கிவிட்டால், தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் குழைந்துதான் விழும். வெளிச்சக் கணக்கும் பெரிதல்ல: லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணில் 5.6-க்கும் 6.3-க்கும் இடையே மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு முழு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்).

என்னை ஜூம் பக்கம் தள்ளியது நிற்கும் இடம். சரணாலயத்தில் நினைத்தபடி முன்னே பின்னே போக முடியாது. மறைவிடத்தின் ஜன்னலோ, கரைமேல் போட்ட பாதையோ, அதைத் தாண்டக் கூடாது. எவ்வளவு நெருக்கம் என்பதைப் பறவைதான் முடிவு செய்கிறது. ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 500 மி.மீ. போட்டு 30 மீட்டர் தள்ளிப் பார்த்தால், படத்தின் அகலத்துக்குள் அடங்குவது சுமார் 2.2 மீட்டர். ஒரு சாண் அளவே உள்ள முக்குளிப்பானுக்கு அது ரொம்பவே தாராளம். இன்னும் கொஞ்சம் எட்டினால் தேவலை என்றிருக்கும். அதே இடத்தில் கூழைக்கடா வந்து இறங்கினால்? விரித்த சிறகு 2 மீட்டரைத் தாண்டும், வெள்ளைக் கூழைக்கடாவில் 3 மீட்டரையும் தொடும். இரண்டு பக்கமும் சிறகு நுனி போய்விடும். ஜூமை 180-க்குத் திருப்பினால் அதே 30 மீட்டரில் 6 மீட்டர் அகலம் கிடைக்கிறது. 600-க்குப் போனால் 1.8 மீட்டர். சின்னதாக விழுந்த பறவையைப் பிறகு கணினியில் வெட்டிப் பெரிதாக்கலாம். ஃபிரேமுக்கு வெளியே போன சிறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பறக்கும் பறவையைக் கண்டுபிடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆலா மாதிரி நொடிக்கு நொடி திசை மாற்றுகிற ஒன்றை 500-இன் குறுகலான பார்வையில் தேடிப் பிடிப்பதற்குள், அது தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழுந்துவிடும். 200 பக்கம் வைத்துப் பிடித்துவிட்டு அப்புறம் வளையத்தைத் திருப்பினால் வேலை சுலபம். இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது நீள்வதில்லை என்பதால் கையில் சமநிலையும் மாறாது.

சரி, பிரைமுக்கு என்னதான் மிச்சம்? எடை. 1460 கிராம். ஜூம், முக்காலியில் பொருத்தும் காலரோடு சேர்த்து 2140. மிரர்லெஸ் கேமராவில் பிரைமைப் பொருத்த அடாப்டர் வேண்டும். அதையும் சேர்த்தால்கூட அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. மறைவிடத்தில் பீன்பேக் (லென்ஸைத் தாங்கும் பை) மேல் கிடத்திவிட்டால் இந்த எடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் கரையில் நடக்கிறவர், உள்ளான் போன்ற கரையோரச் சிறு பறவைகளின் கண்மட்டத்துக்கு ஊர்ந்து போகிறவர் என்றால் பிரைமே எடுங்கள், நான் வாதாட மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிஎஃப் கண்ணாடியில் வலுவான எதிர்வெளிச்சம் விழுந்தால் வண்ண வளையங்கள் வரலாம். நிக்கானே இதைச் சொல்கிறது. சூரியன் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் இடங்களில்தான் நாம் பெரும்பாலும் நிற்கிறோம்.

மழையில் இரண்டையும் நான் பெரிதாகச் சோதித்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) வைத்திருப்பவர்களுக்குக் கேள்வியே வேறு. 180-600 மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்தது, அதில் பொருந்தாது. அங்கே ஜூம் என்றால் 200-500 எஃப்/5.6: 2300 கிராம், ஜூம் செய்தால் நீளும். அதை எப்போதாவது இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி. ஜன்னலோரம் உட்காருபவருக்கு அதுவும் போதும் என்றுதான் தோன்றுகிறது. நடக்கிறவருக்கு அதை ஜூம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.