யுபிஎஸ் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி சர்வரை ஒப்படைக்காதீர்கள்

வீட்டில் சிறிய சர்வர் வைத்திருந்து, அதற்கு யுபிஎஸ் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகும் என்னை ஏமாற்றிவிட்டார்கள். எனக்குச் சொன்னதில் பாதிக்கு மேல் பச்சைப் பொய்.

என் தேவை பெரியதல்ல. நான்கு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு சர்வர், ஒரு ரூட்டர், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். எல்லாம் சேர்ந்து 150 வாட் இழுக்கும். மீட்டர் வைத்து அளந்து பார்த்த கணக்கு இது. விற்பனையாளரிடம் இதைச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டேன். பேட்டரியில் ஓடும்போது வெளிவருவது தூய சைன் அலையா, அதாவது சுவர் மின்சாரத்தைப் போலச் சீராக வளைந்து ஏறி இறங்கும் அலையா? 150 வாட்டுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? மின்சாரம் போன செய்தியை யுஎஸ்பி வழியாக சர்வருக்குச் சொல்லுமா? "தூய சைன் அலைதான். ஒரு மணி நேரம் தாராளமாக வரும். யுஎஸ்பி இருக்கிறது" என்று பதில் எழுதினார்கள்.

முதல் மின்தடையிலேயே சாயம் வெளுத்தது. யுபிஎஸ் கூவியது, ரூட்டரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, சர்வர் மட்டும் அணைந்து கிடந்தது. பேட்டரி அப்போது நிறைந்திருந்தது. ரூட்டரின் சிறிய அடாப்டருக்கு எந்த வடிவ மின்சாரமும் போதும். சர்வரின் பவர் சப்ளை அப்படியல்ல. இன்றைய நல்ல பவர் சப்ளைகளில், உள்ளே வரும் அலையைப் பின்தொடர்ந்து மின்னோட்டத்தை இழுக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. ஆக்டிவ் பிஎஃப்சி என்பார்கள். மலிவான யுபிஎஸ் தருவது ஏறி, தட்டையாக நின்று, இறங்கும் படிக்கட்டு அலை. அந்தத் தட்டையான இடங்களில் சில பவர் சப்ளைகள் தடுமாறி அணைந்துவிடும். சில, சட்டென்று அதிக மின்னோட்டத்தை இழுத்து யுபிஎஸ்ஸையே அணைய வைத்துவிடும். கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில், பொடி எழுத்தில், 'சிமுலேட்டட் சைன் வேவ்' என்று இருந்தது. பெட்டியின் மேலும் விற்பனைப் பக்கத்திலும் 'சைன் வேவ்' மட்டும்தான். சிமுலேட்டட், மாடிஃபைடு, ஸ்டெப்டு என்ற சொற்களில் எது முன்னால் நின்றாலும் அது தூய சைன் அலை அல்ல.

டிஸ்க்குகளில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் சர்வர் அணைந்ததால், திரும்ப எழுந்ததும் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பு) முழுவதையும் சரிபார்க்கத் தொடங்கியது. ஒரு தரவுத்தளக் கோப்பு கெட்டுப்போய், காப்புப் பிரதியிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. காப்புப் பிரதி இல்லாத ஒருவருக்கு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்தது பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரிகள் இரண்டு என்று சொல்லியிருந்தார்கள். பெருக்கினால் 168 வாட் மணி; 150 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவர்களுடைய 'ஒரு மணி நேரம்' இந்த வகுத்தலில் பிறந்ததுதான். ஆனால் அந்த 7 என்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கினால் கிடைக்கும் அளவு. ஒரு மணி நேரத்துக்குள் இறக்கினால் ஈய பேட்டரி அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் தரும். இன்வெர்ட்டர் சுற்றில் கொஞ்சம் வெப்பமாகப் போகும். நேர்மையாகச் சொன்னால் அரை மணி நேரம். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. சர்வரைக் கழற்றிவிட்டு, அதே அளவு வாட் இழுக்கும் பழைய குண்டு பல்புகளை மாட்டிப் பார்த்தேன். சில நிமிடங்களில் யுபிஎஸ் அணைந்தது.

பேட்டரி மூடியைத் திறந்தேன். பயனரே மாற்றிக்கொள்ளலாம் என்று கையேடு அனுமதிக்கும் மூடி அது. ஒரு பேட்டரியின் ஸ்டிக்கர் மூலையில் எழும்பியிருந்தது. உரித்துப் பார்த்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 5 ஆம்பியர் மணி. தராசில் வைத்தேன். நியாயமான 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், இது 1.6 கிலோ. உடலில் பொறித்திருந்த தேதியோ மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. ஈய பேட்டரியை சார்ஜ் செய்யாமல் கிடங்கில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பயன்படுத்தாமலேயே கெட்டுப்போகும். புதிது என்று சொல்லி எனக்கு விற்றது இதைத்தான்.

புகார் செய்தேன். பேட்டரி தேய்பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். ஸ்டிக்கர் படத்தை அனுப்பியதும், மூடியைத் திறந்ததால் வாரண்டி முழுவதும் செல்லாது என்றார்கள். கையேட்டுப் பக்கத்தைக் காட்டியதும் பதிலே நின்றுவிட்டது. யுஎஸ்பி பற்றிய கேள்விக்கு மட்டும் விளக்கம் வந்தது: அந்தத் துளை கைபேசி சார்ஜ் செய்வதற்காம். சர்வரை ஒழுங்காக அணையச் சொல்ல வழியில்லாத யுபிஎஸ் எனக்கு எதற்கு?

ஆகவே வாங்குவதற்கு முன், விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை ஒதுக்கிவிட்டு வாட் எண்ணைக் கேளுங்கள். 1000 விஏ என்று பெரிதாகப் போட்ட பெட்டியில் 600 வாட் என்பது சிறிதாக இருக்கும். உங்கள் சுமைக்கு எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். விற்பவரின் வாய்மொழி போதாது. யுபிஎஸ் சொல்லும் செய்தியைக் கேட்டு சர்வரை ஒழுங்காக அணைக்கும் என்யுடி மென்பொருளை ஓட்டுபவர்கள், அதன் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்புறத் துளைகளில் எல்லாமே பேட்டரியில் ஓடுபவை அல்ல. சில மின்னெழுச்சிப் பாதுகாப்புக்கு மட்டுமே.

வந்து சேர்ந்ததும் சர்வரை மாட்டாதீர்கள். முழுதாக சார்ஜ் ஏறவிட்டு, கெட்டாலும் பரவாயில்லை என்ற சுமை ஒன்றை மாட்டி, சுவர் ஸ்விட்சை அணைத்து நேரம் பாருங்கள். பிளக்கை உருவ வேண்டாம். எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும். சைன் அலை பிரச்சினை பல்பில் தெரியாது என்பதால், டிஸ்க் இல்லாத பழைய கணினி ஒன்றை, உங்கள் சர்வரில் இருக்கும் அதே வகைப் பவர் சப்ளையோடு இயக்கிப் பார்ப்பது நல்லது. கையேடு அனுமதித்தால் பேட்டரியை வெளியே எடுத்து எடை, தேதி இரண்டையும் படம் பிடியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். என் பேட்டரிக் கோளாறு அந்தக் கெடு தாண்டிய பிறகே தெரியவந்தது. அதனால்தான் அவர்களால் இவ்வளவு துணிவாகப் பேச முடிந்தது.