மஞ்சக்குப்பம் பழச்சாறுக் கடை: சாறு அருமை, பலகைதான் நெருடுகிறது

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு அருகில் உள்ள ஒரு சிறிய பழச்சாறுக் கடைக்கு ஆறு மாதங்களாகப் போய்வருகிறேன். சாத்துக்குடியைக் குறுக்கே அரிந்து, நம் கண்ணெதிரிலேயே கைப்பிடி வைத்த கருவியில் அழுத்திப் பிழிகிறார்கள். கொட்டை அரைபடாததால் கசப்பு இறங்குவதில்லை. ஆனாலும் நேரம் ஆக ஆகக் கசந்துவிடும் என்பதால், பார்சல் வாங்குபவர்களிடம் உடனே குடித்துவிடும்படி கடைத் தம்பியே சொல்லி அனுப்புகிறார். கேட்காமல் சர்க்கரைப் பாகு ஊற்றுவதில்லை. சுவையிலும் சுத்தத்திலும் எனக்குக் குறையே இல்லை.

என் வருத்தமெல்லாம், "சர்க்கரை சேர்க்காதது, சர்க்கரை நோயாளிகளும் தாராளமாக அருந்தலாம்" என்று வாசலில் தொங்கும் பலகையைப் பற்றியதுதான். நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவரும் என் அப்பா, அதை நம்பிப் பெரிய தம்ளர் நிறைய பன்னீர் திராட்சைச் சாறு குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து வீட்டில் விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 268 காட்டியது.

பாகு ஊற்றாவிட்டாலும் பழத்தின் சர்க்கரை எங்கும் போய்விடுவதில்லை. திராட்சைச் சாற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை உண்டு. 250 மில்லி தம்ளரில் 35 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் கணக்கில் சேர்த்தே, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள், அதாவது 2000 கலோரி உண்பவருக்குச் சுமார் 50 கிராமுக்குள், நிறுத்தச் சொல்கிறது. அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. திராட்சையை மிக்ஸியில் அடித்து வடிகட்டியபோது தோலும் சக்கையும் வாளிக்குப் போனதை அன்று நானே பார்த்தேன். சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கும் நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்த வாளியில்தான் கிடந்தது. முழுப்பழமாக ஒரு கைப்பிடி திராட்சையை மென்று தின்பவர், ஒரு தம்ளருக்கு வேண்டிய அளவை ஒரே மூச்சில் விழுங்க மாட்டார்.

உரிமையாளரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார், ஆனால் பலகை இன்னும் இறங்கவில்லை. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் சின்னத் தம்ளரில் சாத்துக்குடிச் சாறு கேட்டு வாங்கலாம். நோய் உள்ளவர்களுக்கு அதே கடையில் கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்கள்; அப்பா இப்போது, உப்பை மட்டும் குறைக்கச் சொல்லி, அதைத்தான் வாங்கிச் சாப்பிடுகிறார்.