கல்லூரிச் சுற்றறிக்கைக்கு வேர்டு: வடிவத்துக்குக் கெட்டி, ஒற்றுக்கு உதவாது

கல்லூரிக்கென்று எழுத்து நடை விதிகளை வகுப்பது எளிது. பல துறைகள் தட்டச்சு செய்து அனுப்பும் கோப்புகளில் அவற்றைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. இதற்கு மைக்ரோசாஃப்ட் வேர்டு பாதி வேலையைச் செய்கிறது. மீதிப் பாதிக்கு ஆள்தான் வேண்டும்.

முதலில், வந்திருப்பது யூனிகோடா (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடா) என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே. தேடினால் கிடைக்காது, மின்னஞ்சலில் ஒட்டினால் குப்பையாகும். மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

தலைப்பு, உடல்பகுதி, கையொப்பம் மூன்றுக்கும் ஸ்டைல் (எழுத்துரு, அளவு போன்றவற்றின் தொகுப்பு) வைத்து, டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரிக் கோப்பாகச் சேமித்துத் துறைகளுக்குக் கொடுத்துவிடலாம். இங்கே பலர் சறுக்குவது எழுத்துருவில். ஸ்டைலின் எழுத்துருப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பகுதி உண்டு. தமிழ் அதைத்தான் கேட்கும். மேலே உள்ள லத்தீன் பகுதியில் அளவை 12 ஆக்கிவிட்டு, தமிழ் மாறவில்லையே என்று தலையைச் சொறிவதில் பயனில்லை.

முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'முனைவர் க.' ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் விழாது. '10.30 மணி'க்கும் அதே மருந்து. கல்லூரியின் முழுப்பெயர், முகவரி, துறைப் பெயர்களை ஒருமுறை சரியாக அடித்து, தேர்ந்தெடுத்து, ஆல்ட் எஃப்3 கொடுத்து, ஒரு சுருக்கப் பெயர் வைத்து அதே டெம்ப்ளேட்டில் சேமியுங்கள். பிறகு அந்தச் சுருக்கப் பெயரை அடித்து எஃப்3 தட்டினால் போதும். அடித்ததைத் தானாக மாற்றும் ஆட்டோகரெக்டை இதற்கு நம்பாதீர்கள். அதன் பட்டியல் அந்தந்தக் கணினியிலேயே தங்கிவிடும், கோப்போடு போகாது. மொழிவாரியாக வேறு பிரிந்திருப்பதால், ஆங்கிலப் பட்டியலில் சேர்த்தது தமிழ் வரியில் வேலை செய்யாது. முழுச் சொல்லை மட்டுமே அது பார்ப்பதால், 'மன்றம்' என்று பதிந்தது 'மன்றத்தில்' வரும்போது சும்மா இருக்கும்.

நாளைச் செருகும்போது 'தானாகப் புதுப்பி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால், மாதம் கழித்துத் திறக்கும் சுற்றறிக்கை அன்றைய தேதியைக் காட்டும். ஆவணக் காப்புக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. ஏற்கெனவே செருகியாயிற்று என்றால் அதன்மேல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்துங்கள். தேதி வெறும் எழுத்தாகிவிடும். ஆனால் அப்போது திரையில் என்ன இருக்கிறதோ அதுவே உறையும். அனுப்பிய நாள்தானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தேடி மாற்றும் வசதி அருமை, ஆனால் கத்தி. '10ம் தேதி'யை '10ஆம் தேதி' ஆக்க, வைல்ட்கார்டைத் (எந்த இலக்கமானாலும் பொருந்தும் பொதுக்குறியைத்) தேர்ந்து ([0-9])ம் என்று தேடி \1ஆம் என்று மாற்றலாம். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றினால் 'பிரிவு 3ம் 4ம் இணைக்கப்படும்' என்பது '3ஆம் 4ஆம்' ஆகிவிடும். அங்கே வந்திருப்பது உம் விகுதி. 3உம் 4உம் என்றிருக்க வேண்டியது. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

ஒற்று விஷயத்தில் வேர்டு கையை விரித்துவிடும். 'தேர்வு', 'கட்டணம்' இரண்டும் தனித்தனியே சரியான சொற்கள் என்பதால் 'தேர்வுக் கட்டணம்' என்பதை 'தேர்வு கட்டணம்' என்று அடித்தாலும் சிவப்புக் கோடு வராது. 'பெயர் பட்டியல்', 'துறை தலைவர்' எல்லாம் இப்படித்தான் தப்பிவிடும். 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்ற சண்டையிலும் அது தீர்ப்புச் சொல்லாது. கல்லூரி ஒன்றை முடிவு செய்து விதித்தாளில் எழுதிவைக்க வேண்டியதுதான். ஒற்று மிகும் தொடர்களில் அடிக்கடி வருபவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதை அச்சிட்டுத் தட்டச்சு செய்பவரின் மேசையில் வைப்பது எந்த மென்பொருளையும்விட விரைவாகப் பலன் தரும்.

முடித்ததைப் பிடிஎஃப் ஆக்கினால் தோற்றம் மாறாது. ஆனால் அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் பெரும்பாலும் இடம் மாறிவிடும். ஆகவே மின்னஞ்சலின் உடலிலும் அதே வாசகத்தை வேர்டிலிருந்தே நேராக ஒட்டி அனுப்புங்கள்.